இறங்கும் இடம் முதலில்

1921ஆம் ஆண்டு, இன்றைய ஜோர்டானுக்கும் இராக்குக்கும் நடுவே விரிந்து கிடக்கும் பாலைவனத்தை உழுதார்கள். விதைப்பதற்காக அல்ல. கெய்ரோவிலிருந்து பாக்தாத்துக்கு விமானத்தில் தபால் கொண்டுபோக பிரிட்டிஷ் விமானப்படை வகுத்த வழி அது. அம்மான் பக்கமிருந்து யூப்ரட்டீஸ் கரையிலுள்ள ரமாடி வரை முதலில் மோட்டார் வண்டிகள் போய்த் தடம் பதித்தன. தடம் பதியாத தரையில் கலப்பையால் சால் இழுத்தார்கள். மேலே பறப்பவன் அந்தக் கோட்டைப் பார்த்துக்கொண்டே போக வேண்டும். கோட்டை ஒட்டி, ஏறத்தாழ இருபது முப்பது மைலுக்கு ஒன்றாக, மண்ணைச் சமன்செய்து இறங்குதளம் அமைத்தார்கள். ஒவ்வொன்றிலும் வானத்திலிருந்து தெரியும்படி வட்டம் போட்டு, எழுத்தோ எண்ணோ குறித்தார்கள்.

அங்கே ஊர் கிடையாது, ஏறி இறங்கப் பயணிகளும் கிடையாது. பிறகு எதற்கு இத்தனை தளங்கள்? வழியில் இஞ்சின் நிற்கும் என்பது அன்றைக்கு எல்லோருக்கும் தெரிந்த சேதி. நிற்குமா நிற்காதா என்று யாரும் விவாதிக்கவில்லை. நின்றால் எங்கே இறங்குவது என்பதை மட்டும் முன்கூட்டியே முடிவு செய்தார்கள்.

என் வாழ்நாளில் பெரும்பகுதி ஃப்ளையிங் கிளப்களில் பிள்ளைகளுக்கு விமானம் ஓட்டக் கற்றுக்கொடுத்ததில் போயிற்று. சிறிய விமானங்களின் சரித்திரத்தை இஞ்சின்களின் சரித்திரமாகவே புத்தகங்கள் சொல்கின்றன. எத்தனை குதிரைத்திறன், எத்தனை மைல் வேகம், யார் முதலில் கடலைத் தாண்டினார். எனக்கு அது பாதிச் சரித்திரமாகவே படுகிறது. இஞ்சின் நின்ற பிறகு மனிதர்கள் என்ன செய்தார்கள் என்பது மறுபாதி. அந்தப் பாதியில்தான் இந்தத் தொழிலின் ஒழுக்கம் உருவானது.

இஞ்சின் நின்றால் விமானம் கல் மாதிரி விழும் என்று இன்றும் பலர் நம்புகிறார்கள். அப்படி இல்லை. ரைட் சகோதரர்கள் இஞ்சினைத் தொடுவதற்கு முன்பே, 1900 முதல் 1902 வரை, கிட்டி ஹாக் மணல்மேடுகளில் இஞ்சின் இல்லாத கிளைடர்களைத்தான் பறக்கவிட்டார்கள். 1903 டிசம்பரில் பறந்த விமானத்துக்கு அவர்களுடைய மெக்கானிக் சார்லி டெய்லர் செய்துகொடுத்த சுமார் 12 குதிரைத்திறன் இஞ்சின் பிறகு வந்து சேர்ந்ததுதான். இறக்கைதான் விமானம், அது முன்னோக்கிப் போய்க்கொண்டிருக்கும்வரை தாங்கும். இன்றைய செஸ்னா 172 இஞ்சின் நின்றபின் 65 நாட் வேகத்தில் மூக்கைச் சற்றுத் தாழ்த்திப் பிடித்தால், 1,000 அடி உயரத்துக்கு ஏறத்தாழ ஒன்றரைக் கடல் மைல் தூரம் சறுக்கிக்கொண்டு போகும். 5,000 அடியில் நின்றால் கையில் ஏழு நிமிடம் இருக்கிறது. ஏழு நிமிடத்தில் எவ்வளவோ செய்யலாம், எங்கே போகிறோம் என்று தெரிந்திருந்தால்.

ஆரம்ப காலத்து விமானிகளுக்கு அந்த ஏழு நிமிடம் கிடைக்கவில்லை, ஏனென்றால் அவர்கள் அவ்வளவு உயரம் போகவே இல்லை. 1909 ஜூலை 19 அன்று ஹ்யூபர்ட் லாதம் ஆங்கிலக் கால்வாயைத் தாண்டப் பிரான்சின் சங்கத் கடற்கரையிலிருந்து கிளம்பினார். சில மைல் போனதும் இஞ்சின் நின்றது. விமானத்தை அலுங்காமல் தண்ணீரில் இறக்கிவிட்டார். மீட்க வந்த பிரெஞ்சுக் கடற்படைப் படகு அவரைக் கண்டபோது, மிதந்துகொண்டிருந்த விமானத்தில் உட்கார்ந்து சிகரெட் பிடித்துக்கொண்டிருந்தார். ஆறு நாள் கழித்து இன்னொரு விமானியான பிளேரியோ, அடிக்கடி சூடாகிப் படுத்துவிடும் 25 குதிரைத்திறன் அன்ஸானி இஞ்சினை வைத்துக்கொண்டு முப்பத்தேழு நிமிடம் போலப் பறந்து மறுகரையிலுள்ள டோவரில் இறங்கினார். லாதம் மறுபடியும் கிளம்பி, டோவருக்குக் கிட்டத்தில் மறுபடியும் கடலில் இறங்கினார். உலகம் பிளேரியோவை நினைவில் வைத்திருக்கிறது. நான் என் மாணவர்களிடம் லாதமைப் பற்றித்தான் அதிகம் பேசுவேன். ஒரே மாதத்தில் இரண்டு முறை இஞ்சின் கைவிட்டும் கடலில் இறங்கி உயிரோடு கரைக்கு வந்தவர் அவர்.

முதல் உலகப்போர் காலத்து இஞ்சின்களில் ரோட்டரி என்றொரு வகை உண்டு. ப்ராப்பெல்லரோடு சேர்ந்து சிலிண்டர்களும் சுற்றும். பெட்ரோலில் கரையாது என்பதால் அதற்கு மசகு விளக்கெண்ணெய். அதைத் தெளித்துக்கொண்டே பறக்கும், விமானியின் முகமெல்லாம் எண்ணெய். இந்த இஞ்சின்களில் பயின்ற பையன்கள் பலர் எதிரியைப் பார்ப்பதற்கு முன்பே பயிற்சியில் செத்தார்கள். அப்போதைய ஆசிரியர்களில் பலருக்கே விமானத்தைக் கண்டு பயம். மாணவன் ஆபத்தில் சிக்காமல் பார்த்துக்கொண்டார்களே தவிர, சிக்கினால் வெளியே வரச் சொல்லித்தரவில்லை. இதை மாற்றியவர் ராபர்ட் ஸ்மித்-பாரி. போர் தொடங்கிய உடனேயே விபத்தில் இரு கால்களையும் முறித்துக்கொண்டவர். 1917இல் இங்கிலாந்தின் காஸ்போர்ட்டில் பள்ளி ஒன்றை அமைத்து, இரட்டைக் கட்டுப்பாடுள்ள ஆவ்ரோ 504 விமானத்தில் மாணவனை உட்காரவைத்து, பேசுவதற்கு ஒரு குழாயை மாட்டி, ஆபத்தான நிலைகளுக்கு வேண்டுமென்றே அழைத்துப்போய் அதிலிருந்து மீளக் கற்றுக்கொடுத்தார். ஆசிரியர் திடீரென்று த்ராட்டிலை மூடிவிட்டு மாணவனைப் பார்க்கிறாரே, உலகத்தின் எல்லா ஃப்ளையிங் கிளப்பிலும் நடக்கிற அந்தச் சடங்கு இந்த மரபில் வளர்ந்தது. நான் கற்றதும் கற்பித்ததும் அந்த வழியில்தான் என்பதால் அந்த மனிதரை எனக்குக் குரு ஸ்தானத்தில் வைக்கத் தோன்றுகிறது.

தனி ஆள் சொந்தமாக விமானம் வைத்துக்கொள்ளும் காலம் 1925 பிப்ரவரியில் டி ஹாவிலண்ட் மாத் பறந்தபோது தொடங்கியது. இறக்கையை மடித்துக் கொட்டகையில் நிறுத்தலாம். அதன் சிர்ரஸ் இஞ்சினை ஃப்ராங்க் ஹால்ஃபோர்ட் என்பவர், போரில் மிஞ்சிய ரெனோ வி-8 இஞ்சினின் ஒரு பக்கத்தை மட்டும் எடுத்து நாலு சிலிண்டராகச் செய்திருந்தார். பழைய உதிரிபாகங்கள் தீர்ந்துகொண்டு வந்ததும் அவரே புதிதாக வரைந்தது ஜிப்ஸி. 1928 கடைசியில் ஒரு ஜிப்ஸி இஞ்சினை முத்திரையிட்டு விமானத்தில் பொருத்தி 600 மணி நேரம் பறக்கவிட்டார்கள். பிரித்துப் பார்த்தபோது மாற்ற வேண்டிய பாகங்களின் செலவு ஏழு பவுண்டு சொச்சம்தான். அதற்கு முன் இருந்த இஞ்சின்களைத் தெரிந்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய செய்தி என்று புரியும். சிலிண்டருக்கு இரண்டு பிளக், அவற்றுக்குப் பொறி கொடுக்க இஞ்சினுக்கு இரண்டு மேக்னெட்டோ. ஒன்று செத்தாலும் மற்றது ஓடும். நாலு சிலிண்டருக்கு எட்டு பிளக்.

அந்த பிளக்குகள் நம் நாட்டு விமானச் சரித்திரத்துக்குள்ளும் வருகின்றன. இங்கிலாந்துக்கும் இந்தியாவுக்கும் இடையே முதலில் தனியாகப் பறக்கும் இந்தியருக்கு 500 பவுண்டு பரிசு என்று ஆகா கான் அறிவித்திருந்தார். 1930இல் மூன்று இளைஞர்கள் கிளம்பினார்கள். மன்மோகன் சிங், ஆஸ்பி இஞ்சினியர், ஜே. ஆர். டி. டாட்டா. ஆஸ்பிக்கு வயது பதினேழு. இங்கிலாந்திலிருந்து கிழக்கே வருகிறார். டாட்டா முந்தைய ஆண்டு பிப்ரவரியில் இந்தியாவில் முதல் பைலட் லைசென்ஸ் வாங்கியவர். கராச்சியிலிருந்து மேற்கே போகிறார். எகிப்தின் அபுகிரில் டாட்டா இறங்கியபோது ஆஸ்பி அங்கே மாட்டிக்கொண்டிருந்தார். பிளக் பழுது, கையில் மாற்று இல்லை. டாட்டா தன்னிடமிருந்த உபரி பிளக்கைக் கொடுத்தார். எதிரெதிர் திசையில் போட்டி போடுகிறவர்கள். பிளக் கொடுக்காமல் போயிருந்தால் பரிசு டாட்டாவுக்கு என்று சொல்லிவிடலாம். ஆஸ்பி கராச்சியை அடைந்து சில மணி நேர வித்தியாசத்தில் ஜெயித்தார். மன்மோகன் சிங் தூரத்தை முடித்தும், ஒரு மாதக் கெடு தாண்டிவிட்டதால் பரிசு கிடைக்கவில்லை. ஆஸ்பி பிற்காலத்தில் இந்திய விமானப்படையின் தலைவரானார்.

டாட்டாவின் பெருந்தன்மை என்று இதை எல்லோரும் எழுதுகிறார்கள். பெருந்தன்மைதான். ஆனால் அந்தப் பாலைவன வழியில் பறந்தவர்களுக்கு இன்னொரு கணக்கும் தெரியும்: இன்று அவன் பிளக், நாளை என்னுடையது. உதிரிபாகம் கொடுக்க மறுக்கிறவன் அந்த வழியில் அதிக காலம் பறக்க முடியாது.

அதே ஆண்டு மே மாதம் ஏமி ஜான்சன், ஜேசன் என்ற பழைய ஜிப்ஸி மாத்தில் லண்டன் பக்கமிருந்து ஆஸ்திரேலியாவுக்குக் கிளம்பினார். தரை இஞ்சினியர் லைசென்ஸும் வைத்திருந்த பெண். தன் இஞ்சினைத் தானே பிரித்து மாட்டத் தெரியும். விமானத்தின் ஓரத்தில் ஓர் உபரி ப்ராப்பெல்லரைக் கட்டி எடுத்துவந்தார். ஆறே நாளில் கராச்சி. அடுத்து அலகாபாத் போக வேண்டியவர், எதிர்க்காற்றில் பெட்ரோல் குறைந்து ஜான்சியில் ராணுவ அணிவகுப்பு மைதானத்தில் இறங்கினார். ரங்கூனுக்கு அருகே இன்செயினில் மழையில் திடலைத் தவறாகக் கணித்து ஒரு கல்விக்கூடத்தின் விளையாட்டு மைதானத்தில் இறங்கி, பள்ளத்தில் விழுந்து ப்ராப்பெல்லர் உடைந்தது. கட்டிக்கொண்டு வந்த உபரி அங்கே பயன்பட்டது. அந்தக் கல்விக்கூடத்து ஆட்களே கூடி இறக்கையையும் சரிசெய்தார்கள். மே 24 அன்று டார்வின் சேர்ந்தார். அவருடைய விமானம் இன்று லண்டன் அறிவியல் அருங்காட்சியகத்தில் தொங்குகிறது. அவருடைய வெற்றியில் இஞ்சினுக்கு உள்ள பங்கைவிட, இறங்க நேர்ந்த இடங்களில் கைகொடுத்தவர்களின் பங்கு குறைவில்லை.

எல்லோருக்கும் அப்படி வாய்க்கவில்லை. 1929 ஏப்ரலில் ஆஸ்திரேலியாவில் காணாமல்போன விமானி கிங்ஸ்ஃபோர்ட் ஸ்மித்தின் சதர்ன் கிராஸ் விமானத்தைத் தேடி கீத் ஆண்டர்சனும் பாப் ஹிட்ச்காக்கும் கூக்கபர்ரா என்ற சிறிய விமானத்தில் போனார்கள். ஏப்ரல் 10 அன்று ஆலிஸ் ஸ்பிரிங்ஸிலிருந்து கிளம்பியபின், தனாமி பாலைவனத்தின் மேலே இஞ்சினின் புஷ் ராட் தளர்ந்து ஒரு சிலிண்டர் செத்தது. ஆண்டர்சன் விமானத்தை முழுசாக இறக்கிவிட்டார். இறங்கியதில் ஒரு குறையும் இல்லை. ஆனால் சுற்றிலும் முட்புதர். மேலேற ஓடுதளத்துக்கு இடமில்லை. புதரைத் தீயிட்டுப் பாதை போடப் பார்த்தார்கள். கையில் மிகக் குறைவான தண்ணீர். நடந்ததை விமானத்தின் ரட்டர் துணியிலேயே எழுதிவைத்துவிட்டு இருவரும் தாகத்தில் இறந்தார்கள். அவர்கள் தேடிப்போன சதர்ன் கிராஸ், அவர்கள் கிளம்பிய இரண்டாம் நாளே பத்திரமாகக் கண்டுபிடிக்கப்பட்டுவிட்டது.

1933 ஏப்ரலில் பில் லங்காஸ்டர் தென் ஆப்பிரிக்காவுக்குத் தனியாகப் போகும்போது சஹாராவில் இரவு நேரத்தில் இஞ்சின் நின்றது. இருட்டில் இறங்கி விமானம் கவிழ்ந்தது. விமானத்தைவிட்டு நகரக் கூடாது என்ற விதியைக் கடைசிவரை காப்பாற்றினார். எட்டு நாள் உயிரோடிருந்து நாட்குறிப்பு எழுதினார். தேடியவர்கள் வேறு பக்கம் தேடினார்கள். 1962இல் பிரெஞ்சு ராணுவ ரோந்து ஒன்று விமானத்தையும் அவர் உடலையும் நாட்குறிப்பையும் கண்டது.

இந்த இரண்டு சம்பவங்களையும் மாணவர்களுக்கு நான் விடாமல் சொல்வேன். தரையைத் தொட்டுவிட்டால் முடிந்தது என்று அவர்கள் நினைக்கிறார்கள். எந்த வழியாகப் போகிறேன் என்று கீழே ஒருவரிடம் எழுதிக் கொடுத்துவிட்டுப் போவதும், தண்ணீர் எடுத்துப் போவதும் தரையிறக்கத்தின் பகுதிகள். இன்றைக்கு நாம் நிரப்புகிற ஃப்ளைட் பிளான் படிவத்தில் விமானத்தின் நிறம் என்ன, எத்தனை பேர், எத்தனை மணி நேரத்துக்கு எரிபொருள் என்று கேட்கிறார்களே, அதை வெறும் அலுவலகக் காகிதமாக நினைத்துக் கிறுக்கிக் கொடுக்கிற பையனைக் கண்டால் எனக்குப் பொறுக்காது.

நான் பறக்கக் கற்றது புஷ்பக் விமானத்தில். பெங்களூரில் ஹிந்துஸ்தான் ஏர்க்ராஃப்ட் கட்டியது, 1958இல் முதலில் பறந்தது. துணி போர்த்திய மேல் இறக்கை, பக்கத்துப் பக்கத்தில் இரண்டு இருக்கை, 90 குதிரைத்திறன் கான்டினென்டல் இஞ்சின். என் தலைமுறையில் ஃப்ளையிங் கிளப்பில் படித்த பலருக்கும் அதுதான் முதல் விமானம். என் ஆசிரியர் பேச்சு குறைந்தவர். பச்சை வயல்களின் மேல் போய்க்கொண்டிருக்கும்போது கை நீட்டி த்ராட்டிலை மூடுவார்.

"இப்ப என்ன தம்பி பண்ணப்போற?"

"அந்த வயல்ல இறங்கறேன் சார்."

"எந்த வயல்? கை காட்டாதே, சொல்லு."

சொல்லத் தெரிய வேண்டும். நடவு வயல் பார்க்க மெத்தை போலிருக்கும். உள்ளே சேறு, சக்கரம் பதிந்தால் விமானம் குப்புற விழும். அறுப்பு முடிந்து தாள் நிற்கிற வயல் நல்லது, ஆனால் வரப்புக்கு வரப்பு எவ்வளவு நீளம் என்று பார்க்க வேண்டும். வரப்பை வெட்டிக்கொண்டு போகாமல் வரப்போடு சேர்ந்து இறங்க வேண்டும். அறுத்த கடலைக் கொல்லை இன்னும் நல்லது. வற்றிய ஏரி மேலிருந்து பெரிய மைதானமாகத் தெரியும். இறங்கிப் பார்த்தால் கருவேலங்கன்றும் வெடிப்பும். மின்கம்பி மேலிருந்து கண்ணுக்குத் தெரியாது, கம்பத்தைத் தேட வேண்டும்; இரண்டு கம்பம் தெரிந்தால் நடுவில் கம்பி இருக்கிறது என்று எடுத்துக்கொள்ள வேண்டும். காற்று எங்கிருந்து வருகிறது என்பதைக் குப்பை எரிக்கும் புகை சொல்லும். புகை இல்லாவிட்டால் ஏரியைப் பார்க்கலாம்: காற்று வருகிற பக்கத்துக் கரையோரம் தண்ணீர் அலையில்லாமல் கிடக்கும். இதையெல்லாம் இஞ்சின் நின்ற பிறகு யோசிக்க நேரமில்லை. இஞ்சின் ஓடும்போதே, ஒவ்வொரு இரண்டு மூன்று நிமிடத்துக்கும், இப்போது நின்றால் எங்கே என்று கண் தேடிக்கொண்டே இருக்க வேண்டும். அந்தப் பழக்கம் எனக்குள் அவர் போட்டது. ரயிலில் போகும்போதும் ஜன்னல் வழியே வயல் பார்க்கிறேன்.

அவர் கடுமையாக இருந்த ஒரே விஷயம், மேலேறியவுடன் இஞ்சின் நின்றால் திரும்பி ஓடுதளத்துக்கு வர முயல்வது. இந்த முயற்சியில் செத்தவர்கள் எல்லா நாட்டிலும் எல்லாப் பத்தாண்டுகளிலும் உண்டு. கணக்கைப் போட்டுப் பார்த்தால் ஏனென்று தெரியும். 60 நாட் வேகத்தில் 30 டிகிரி சாய்த்துத் திரும்பினால் நேர் எதிராகத் திரும்பவே 17 நொடி ஆகும். அதற்குள் ஓடுதளத்தின் நேர்கோட்டிலிருந்து 340 மீட்டர் போலப் பக்கத்தில் விலகியிருப்போம். அதைப் பிடிக்க மேலும் திரும்பி, பிறகு எதிர்ப்பக்கம் திரும்ப வேண்டும். எல்லாம் சேர்ந்து 25 நொடிக்கு மேல். நிமிடத்துக்கு 700 அடி இறங்கினால் அதற்கே 300 அடி போய்விடும். நின்றதை மனம் நம்புவதற்கு மூன்று நான்கு நொடி. இருக்கிற உயரமே 300 அடி. தரை நெருங்கும்போது கை தன்னையறியாமல் கட்டுப்பாட்டுக் கட்டையைப் பின்னால் இழுக்கும், திருப்பத்தில் வேகம் குறையும், ஒரு இறக்கை தூக்கும் திறனை இழந்து விமானம் சுழன்று விழும். நேராகவோ சற்று இடம் வலமாகவோ எது கிடைக்கிறதோ அங்கே, வேகத்தைப் பிடித்துக்கொண்டு இறங்கினால் விமானம் உடையலாம், ஆள் பிழைப்பான். "மிஷினை இன்ஷூரன்ஸ்காரன் பார்த்துப்பான், நீ உன்னைப் பாரு" என்பார்.

நம்மூர் விமானி அதிகம் சந்திக்கிற எதிரி கார்புரேட்டர் ஐஸ். சென்னை வெயிலில் ஐஸா என்று கேட்பார்கள். கார்புரேட்டரின் குறுகிய கழுத்தில் காற்று விரிவதாலும் பெட்ரோல் ஆவியாவதாலும் வெப்பம் 20 டிகிரிக்கு மேலேயே குறையும். காற்றில் ஈரம் நிறைந்திருந்தால், வெளியே 25 டிகிரி இருக்கும்போதும் உள்ளே பனி படிந்து தொண்டையை அடைக்கும். ஐப்பசி கார்த்திகையில் மழை ஓய்ந்த காலைகள் அதற்கு ஏற்றவை. கான்டினென்டலின் கார்புரேட்டர் சூடான பாகங்களிலிருந்து தள்ளித் தனியாகத் தொங்குவதால் சீக்கிரம் உறையும். லைகமிங் இஞ்சினில் அது எண்ணெய்த் தொட்டியோடு ஒட்டியிருப்பதால் கொஞ்சம் தாங்கும். அப்படியொரு காலையில் கடலோரமாகப் போகும்போது புஷ்பக்கின் ஆர்பிஎம் முள் மெல்ல மெல்ல இறங்கியது. கார்புரேட்டருக்குச் சூடான காற்றைத் திருப்பிவிடும் கார்ப் ஹீட் பிடியை இழுத்தேன். இஞ்சின் இன்னும் மோசமாக உலுக்கியது. உருகிய தண்ணீர் உள்ளே போகிறது. பயந்து பிடியைத் திரும்பத் தள்ளத்தான் யாருக்கும் தோன்றும். தள்ளக் கூடாது. உலுக்கி உலுக்கி, இருமி, பழைய ஓட்டத்துக்கு வந்தது. அதற்குள் கீழே சவுக்குத் தோப்புக்கும் உப்பளத்துக்கும் நடுவே ஒரு மணல்திட்டைத் தேர்ந்தெடுத்து வைத்திருந்தேன்.

இன்றைய இஞ்சின்கள் நன்றாக ஓடுகின்றன. நிற்கிற இஞ்சின்களில் பலவும் பழுதால் நிற்பதில்லை, பெட்ரோல் தீர்ந்து நிற்கின்றன. டேங்க்கில் இறங்கிய தண்ணீரைக் காலையில் வடித்துப் பார்க்காததால் நிற்கின்றன. போதாததற்கு விமானத்தையே சுமக்கும் பாராசூட் வந்துவிட்டது. 1998இல் சான்றிதழ் பெற்ற சிர்ரஸ் எஸ்ஆர்20 விமானம் அதோடுதான் விற்பனைக்கு வந்தது. பிடியை இழுத்தால் விமானம் முழுவதும் குடையின் கீழ் இறங்கும். உயிர் காக்கும் எதையும் நான் வரவேற்கிறேன். ஆனால் அதற்கும் ஒரு குறைந்தபட்ச உயரம் வேண்டும். ஓடுதளத்தை விட்டு எழுந்த முதல் சில நூறு அடிகளில் விமானி இன்னும் லாதமின் காலத்தில்தான் இருக்கிறார். அந்தச் சில நூறு அடிக்கு வேண்டியது திறந்த நிலம். நம் விமான நிலையங்களைச் சுற்றி அது வேகமாகக் குறைகிறது. நான் பயிற்சிக்குக் குறிவைத்த வயல்களில் பல இன்று மனைகள்.

தெற்கே பறக்கும்போது என் வரைபடத்தில் நான் பென்சிலால் குறித்து வைத்திருந்த இடங்கள் உண்டு. சோழவரம், உளுந்தூர்பேட்டை, செட்டிநாடு, கயத்தாறு. இரண்டாம் உலகப்போரின்போது போட்ட ஓடுதளங்கள். போர் முடிந்ததும் கைவிடப்பட்டவை. சோழவரத்தில் கார்ப் பந்தயம் நடந்தது, மற்றவற்றில் ஆடு மேய்ந்தது. வெடித்த கான்கிரீட்டும் ஓரத்தில் முள்ளும் இருந்தாலும், மேலிருந்து பார்க்கும் விமானிக்கு ஒன்று கண்ணிலிருந்து மறைவதற்கும் அடுத்தது தெரிவதற்கும் இடைப்பட்ட நேரம்தான் பதற்றம். இவற்றை விமான நிலையமாக்குவதா, தொழிற்பேட்டையாக்குவதா என்று அவ்வப்போது பேச்சு எழும். எதுவாக ஆக்கினாலும், நடுவிலிருக்கும் அந்த நீளமான பட்டையை மட்டும் கம்பமும் சுவரும் இல்லாமல் விட்டுவைக்கலாம். வருஷத்துக்கு ஒருமுறை முள்வெட்டி, காற்றுக்கூம்பு ஒன்று நட்டு, விமானப் பயிற்சிப் பிள்ளைகளின் வரைபடத்தில் அச்சிட்டுக் கொடுக்க எந்தப் பெரிய செலவும் ஆகாது. இதைக் கூட்டங்களில் சொல்லியிருக்கிறேன், கடிதமாக எழுதியிருக்கிறேன், இங்கேயும் எழுதுகிறேன்.